‘சுவேசிவ்’ என்ற சொல்: பொருளும் பயன்பாடும், கொஞ்சம் தமிழும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: “மொழியியல் கட்டுரை ஒன்றில் ‘சுவேசிவ்’ என்ற ஆங்கிலப் பெயரடையைக் கண்டேன். அகராதியைப் பார்த்தால் ‘பேர்சுவேசிவ்’ என்ற பொருளைத்தான் திருப்பிச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுதானா? ஒன்றென்றால் இரண்டு சொல் எதற்கு? என் ஒப்படையில் நான் இதை எழுதலாமா, தமிழில் எப்படிச் சொல்வது?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. ‘சுவேசிவ்’ என்பது ஒரு பேச்சு எதற்காகப் பேசப்படுகிறது என்பதைச் சொல்லும். ‘பேர்சுவேசிவ்’ அந்தப் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பதைச் சொல்லும். ஒப்படை இலக்கணத்தைப் பற்றியோ சொற்கலையைப் பற்றியோ என்றால் தாராளமாக எழுதுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் எழுதாதீர்கள்; வாசிப்பவர் நீங்கள் முன்னால் ‘பேர்’ போட மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்.

எழுத்து: எஸ், யூ, ஏ, எஸ், ஐ, வி, ஈ. உச்சரிப்பு ‘ஸ்வேய்-சிவ்’, முதல் அசையில் அழுத்தம். இதன் பெயர்ச்சொல் ‘சுவேஷன்’. அதில் வரும் ‘ஷ’ நம்முடைய ‘ஷ’ இல்லை; ஆங்கிலேயர் ‘டெலிவிஷன்’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அதிர்வுள்ள ஒலி. அதற்குத் தமிழில் எழுத்தில்லை, அதனால் எழுதிக் காட்ட முடியாது, கேட்டுப் பழகுங்கள்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். இதை ஆங்கிலத்தில் விளக்கப் போனால் பலர் தடுமாறுவார்கள். நமக்கு இலேசு, ஏனென்றால் நம் வீட்டுப் பேச்சிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. வெளிநாடு போக நிற்கும் மகன் தோட்டக் காணியை விற்கச் சொல்கிறான் என்று வையுங்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஊரில் கதை இரண்டு விதமாக வரலாம். “எவ்வளவோ சொல்லிப் பாத்தம், அவன் கேக்கேல்லை” என்று வரலாம். அல்லது “ஒரு மாதிரிச் சொல்லி அவனை இணங்க வச்சிட்டம்” என்று வரலாம். ‘சொல்லிப் பார்’ என்பதில் முயற்சி மட்டும் இருக்கிறது. முடிவு என்னவென்று அந்த வினை சொல்லாது. ‘இணங்க வை’ என்பதில் முடிவு உள்ளேயே இருக்கிறது. “அவனை இணங்க வைத்தேன், ஆனால் அவன் இணங்கவில்லை” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “சொல்லிப் பார்த்தேன், இணங்கவில்லை” என்பது அன்றாடம் கேட்கிற வாக்கியம்.

ஆங்கிலத்தில் ‘பேர்சுவேட்’ நம்முடைய ‘இணங்க வை’. ஒருவரைப் பேர்சுவேட் பண்ணினேன், ஆனால் அவர் மசியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவார். ‘சுவேசிவ்’ என்ற பெயரடை ‘சொல்லிப் பார்’ பக்கத்தில் நிற்கிறது. ஒருவருடைய பேச்சைச் சுவேசிவ் என்று சொன்னால், கேட்டவரை ஒரு செயலுக்கோ ஒரு நம்பிக்கைக்கோ இழுக்கும் நோக்கம் அதில் இருந்தது என்று பொருள். இழுபட்டார்களா என்பது வேறு கேள்வி. ஆகவே ‘பேர்சுவேசிவ்’ பெரும்பாலும் பாராட்டு, ‘சுவேசிவ்’ வகைப்பாடு. படுமோசமான பிரசாரத் துண்டு ஒன்றையும் சுவேசிவ் என்று சொல்லலாம். அது பேர்சுவேசிவ் ஆக இருக்காது.

அகராதிகள் ஏன் இதைக் கலந்துவிடுகின்றன? பொய் சொல்லவில்லை. எழுத்தாளர்கள் பலர் ‘சுவேசிவ்’ என்பதை அழகுக்காக, ‘பேர்சுவேசிவ்’ என்ற தேய்ந்த சொல்லுக்குப் பதிலாக, அதே பொருளில் எழுதியிருக்கிறார்கள். அகராதிக்காரர் வழக்கைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு சொல் அரிதாகிவிட்ட பிறகும் சாகாமல் இருக்கிறது என்றால், அதற்கென்று ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லுக்கு அந்த வேலைதான் நான் மேலே சொன்னது.

தர்க்கப்படி பார்த்தால் ‘சுவேசிவ்’ வந்திருக்க வேண்டிய இடத்தில் ‘பேர்சுவேசிவ்’ உட்கார்ந்திருக்கும் துறை ஒன்றும் உண்டு. சட்டம். இங்கிலாந்து, இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளை நம் நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் எடுத்துக் காட்டுவார்கள். அவை இங்குள்ள நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அவர் மதித்துப் பார்க்கலாம், ஏற்காமலும் விடலாம். அதற்கு ஆங்கிலச் சட்ட வழக்கில் ‘பேர்சுவேசிவ் ஓதோரிட்டி’ என்று பெயர். நீதிபதி ஏற்காமல் விட்டாலும் பெயர் அதுதான். மொழி இப்படித்தான், கணக்குப் பார்த்து நடக்காது. சட்ட நூலை மொழிபெயர்க்கும்போது ‘கட்டுப்படுத்தாத, ஆனால் மதிப்புக்குரிய’ என்ற கருத்தைக் கொண்டு வாருங்கள். ‘இணங்க வைக்கும்’ என்று போட்டால் பிழையாகிவிடும்.

சொல்லின் பிறப்பு சுவையான கதை. சுவையான என்று சும்மா சொல்லவில்லை. இலத்தீனில் ‘சுவாதேரே’ என்றால் ஒன்றைச் செய்யும்படி அறிவுறுத்துதல், தூண்டிச் சொல்லுதல். அதற்கு உறவான பெயரடை ‘சுவாவிஸ்’, பொருள்: இனிய. ஆக, அடிக்கருத்து ஒன்றை மற்றவருக்கு இனிதாகத் தோன்றச் செய்தல். ஆங்கிலத்தின் ‘ஸ்வீட்’, கிரேக்கத்தில் இன்பத்தைக் குறிக்கும் ‘ஹீதொனே’, சமஸ்கிருதத்தின் ‘ஸ்வாது’ எல்லாம் இதே வேரிலிருந்து கிளைத்தவை. ‘சுவாவ்’ என்று நயமான பேச்சும் நடையும் உள்ள ஆண்களைச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். வலியைத் தணித்தல் என்ற பொருளில் வரும் ‘அஸ்வேஜ்’ என்பதும் அப்படியே. ஆனால் ‘ஸ்வே’, அதாவது அசைத்தல், மனத்தை ஆட்டிவைத்தல், இந்தக் குடும்பத்தில் சேராது. ஓசையும் பொருளும் பொருந்துவதால் மாணவர்கள் சேர்த்துவிடுவார்கள். அது வடக்கு ஐரோப்பிய மொழிகளின் பக்கமிருந்து வந்த தனிச்சொல்.

‘பேர்’ என்ற முன்னொட்டுக்கு இலத்தீனில் ‘முழுக்க, கடைசிவரை’ என்ற பொருள் உண்டு. ‘பேர்ஃபெக்ட்’ என்பது முழுக்கச் செய்து முடித்தது. ‘பேர்சுவேட்’ என்பது கடைசிவரை சொல்லி முடித்தது. தமிழில் ‘விடு’, ‘வை’ போன்ற துணைவினைகள் பின்னால் நின்று செய்கிற வேலையை இலத்தீனில் முன்னொட்டு செய்கிறது. ‘டிஸ்’ போட்டால் எதிர்ப்பக்கம்: ‘டிசுவேட்’, வேண்டாம் என்று தடுத்துச் சொல்லுதல்.

சுவேசிவுக்கு ‘டிசுவேசிவ்’ என்ற இந்தத் தங்கை இன்றும் நல்ல சுகத்தோடு இருக்கிறாள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களில் தண்டங்கள் பயனுள்ளதாக, அளவானதாக, ‘டிசுவேசிவ்’ ஆக இருக்க வேண்டும் என்று ஒரு நிலையான தொடர் உண்டு. 2016இல் வந்த தரவுப் பாதுகாப்பு விதியின் 83ஆம் உறுப்பில்கூட அதைக் காணலாம். மறுபடி செய்யத் துணியாதபடி உறைக்க வேண்டும் என்பது கருத்து. தடுக்கிற சொல் பிழைத்துக்கொண்டது, தூண்டுகிற சொல் அரிதாகிவிட்டது. தூண்டுகிற பக்கத்தில் ‘பேர்சுவேசிவ்’ என்ற அண்ணன் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்பேன்.

ரோமர்கள் இணங்கவைத்தலை ஒரு பெண்தெய்வமாகவே கண்டார்கள். கிரேக்கர்களுக்கு அவள் பைத்தோ, இலத்தீனில் சுவாதா. பழைய இலத்தீன் கவிஞர் என்னியஸ், கெதேகஸ் என்ற பேச்சாளரைச் ‘சுவாதாவின் மச்சை’, அதாவது எலும்புக்குள் இருக்கும் சாறு, என்று பாராட்டியதை ரோமப் பேச்சாளர் சிசரோ எடுத்துச் சொல்கிறார். ஆங்கிலத்துக்கு ‘சுவேஷன்’ வந்ததும் இனிமையோடு கைகோத்துத்தான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சோசர், ரோம மெய்யியலாளர் போயித்தியஸின் நூலை மொழிபெயர்க்கும்போது, சொற்கலையின் இனிமை தரும் சுவேஷனே வா என்று மெய்யியலைப் பேச வைக்கிறார். பெயரடையான ‘சுவேசிவ்’ அதற்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது.

ரோமப் பள்ளிக்கூடங்களில் ‘சுவாசோரியா’ என்று ஒரு பயிற்சி இருந்தது. பழைய கதையிலோ வரலாற்றிலோ ஒருவர் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் கட்டத்தை எடுத்துக்கொண்டு, மாணவன் அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் உலகின் கரைக்கு வந்துவிட்டான், இனிக் கடலில் இறங்கலாமா? அகமெம்னன் மகளைப் பலி கொடுக்கலாமா? சிசரோ தன் எழுத்தையெல்லாம் எரித்துவிட்டால் உயிர்ப்பிச்சை தருவதாக அன்ரனி சொல்கிறான், எரிக்கலாமா? மூத்த செனெக்கா தொகுத்தவற்றில் ஏழு சுவாசோரியாக்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. வழக்காடும் பயிற்சியான ‘கொன்ட்ரோவேர்சியா’ கடினம் என்பதால் அது பிறகுதான். இது இளம் மாணவருக்கு. அங்கதக் கவிஞர் ஜுவெனல், நாங்களும் பிரம்படிக்குக் கையை இழுத்தவர்கள்தான், நாங்களும் சர்வாதிகாரி சுல்லாவுக்குப் பதவியை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்லி அறிவுரை எழுதியவர்கள்தான் என்று கிண்டலடிக்கிறார். நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உலகத் தலைவர்களைப் பார்த்து “உடனே போரை நிறுத்துங்கள்” என்று கையை உயர்த்துவது நினைவுக்கு வரவில்லையா?

நான் சொல்ல வருவதற்கு இது நல்ல சான்று. சுல்லா அப்போது செத்து மண்ணாகி நெடுங்காலம். அவனை இணங்க வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அலெக்சாண்டர் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுகள் சுவாசோரியாதான், ஏனென்றால் அவற்றின் வடிவம் அறிவுரை வடிவம். முடிவை எதிர்பார்க்காமல் நோக்கத்தை வைத்துப் பெயரிடுவது அங்கேயே தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பொருத்தமான இடம் வண்ணார்பண்ணை. 1847 டிசம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கங்களைத் தொடங்கினார். பாதிரிமார் ஊரெங்கும் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலம். அவர்களுடைய பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த நாவலர், அந்தப் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர். அதே கருவியைச் சைவத்துக்கு எடுத்தார். ‘நாவலர்’ என்ற பட்டமே 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய நாவன்மைக்குக் கொடுத்தது. இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது, பாதிரியாரின் பிரசங்கம், நாவலரின் பிரசங்கம் இரண்டையும் ‘சுவேசிவ் டிஸ்கோர்ஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லலாம். எந்தப் பக்கமும் சாயாத சொல். ‘பேர்சுவேசிவ்’ என்று எழுதினால், யாரை இணங்க வைத்தது, எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் மாறாமல் இருந்தார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டி வரும். வரலாறு எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பெயர்ச்சொல்லான ‘சுவேஷன்’ இன்று ஏறத்தாழ ஒரே தொடரில்தான் வாழ்கிறது: ‘மொரல் சுவேஷன்’, அதாவது மனச்சாட்சியைத் தொட்டுப் பேசி இணங்கச் சொல்லல். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் இது பெரிய சுலோகம். அடிமை முறையைச் சட்டத்தாலோ ஆயுதத்தாலோ அல்ல, எசமானின் மனச்சாட்சியோடு பேசி ஒழிக்க வேண்டும் என்பது வில்லியம் லொயிட் கரிசன் கூட்டத்தின் நிலை. அவருடைய ‘லிபரேட்டர்’ பத்திரிகை 1831இல் தொடங்கியது. அவரோடு சேர்ந்து உழைத்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1850களின் தொடக்கத்தில், இது மட்டும் போதாது, அரசியலும் வேண்டும் என்று பிரிந்து போனார். மதுவிலக்குக்காரரும் இதே பாதையில்தான் நடந்தார்கள்: முதலில் குடிக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள், பிறகு 1851இல் மெயின் மாநிலம் மதுவிலக்குச் சட்டமே கொண்டு வந்தது. ஒன்று கவனியுங்கள், அமெரிக்க மிஷன் நம் ஊருக்கு வந்தது 1816இல். வட்டுக்கோட்டையில் செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. அங்கே பொஸ்ரன் பக்கத்தில் இந்தத் தொடர் எல்லார் வாயிலும் இருந்த அதே ஆண்டுகள்.

பிறகு அந்தத் தொடரைப் பொருளியலாளர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள். உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மத்திய வங்கி சட்டப்படி கட்டளையிடாமல், வர்த்தக வங்கிகளைக் கூப்பிட்டு ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று எடுத்துச் சொல்வது. இதில் ‘மொரல்’ என்ற சொல் கொஞ்சம் நடிப்பு. சொல்பவர் கையில் சட்டம் இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆனால் சட்டத்தை எடுக்காமல் பேசும்வரை அது சுவேஷன்தான்.

நம் நாட்டில் இது எங்கே நிற்கிறது, எங்கே முடிகிறது என்பதை 2023 நன்றாகக் காட்டியது. அந்த ஆண்டு ஜூனிலும் ஜூலையிலும் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களைப் பெரிய அளவில் குறைத்தது. குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள் என்று வங்கிகளிடம் கேட்டது. வைப்புக்கான வட்டி சுறுக்காக இறங்கியது; கடன் வட்டி இறங்க மனமில்லாமல் நின்றது. ஓகஸ்ட் மாதம் மத்திய வங்கி கேட்பதை விட்டுவிட்டு நாணயச் சட்டத்தின் கீழ் கட்டளை போட்டது: நகை அடகுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் கூடாது, கடன் அட்டைக்கு 28 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சம் வைத்தது. நகையை அடகு வைத்து விதை வெங்காயம் வாங்குகிற ஊரில் இந்த 18 என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஜூலைவரை நடந்தது சுவேஷன். ஓகஸ்டில் நடந்தது கட்டளை. ஜூலையில் வங்கிகள் கேட்கவில்லை என்பதால் மத்திய வங்கி அதுவரை பேசியது சுவேசிவ் இல்லை என்று ஆகாது; பேர்சுவேசிவ் ஆக இருக்கவில்லை, அவ்வளவே.

சரி, உங்கள் மொழியியல் கட்டுரைக்கு வருவோம். நீங்கள் கண்டது பெரும்பாலும் ‘சுவேசிவ் வேர்ப்ஸ்’ ஆக இருக்கும். குவேர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் இந்தப் பெயரை நிலைநாட்டியது. 1988இல் மொழியியலாளர் டக்ளஸ் பைபர் ஆங்கில எழுத்து வகைகளைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோதும், ஓர் எழுத்தில் தூண்டும் நோக்கம் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது என்பதற்கு இந்த வினைகளை ஓர் அளவுகோலாக எடுத்தார். ‘டிமாண்ட்’, ‘இன்சிஸ்ட்’, ‘ரெக்கமென்ட்’, ‘ப்ரொப்போஸ்’, ‘அர்ஜ்’, ‘ரிக்வெஸ்ட்’ போன்றவை இந்த வகை. ஒரு செயல் நடக்க வேண்டும் என்ற விருப்பத்தை உள்ளே வைத்திருப்பவை. இவற்றுக்கு எதிர்ப்பக்கம் ‘ஃபக்சுவல் வேர்ப்ஸ்’: ‘சே’, ‘நோ’, ‘பிலீவ்’ போல, ஒன்று இப்படி இருக்கிறது என்று சொல்பவை.

இந்தப் பிரிவு எதற்கு? பின்னால் வரும் வாக்கியத்தின் இலக்கணம் இதனால் மாறுகிறது. ‘இன்சிஸ்ட்’ இரண்டு பக்கமும் போகும். ‘ஹீ இன்சிஸ்ட்ஸ் தட் ஷீ இஸ் ஒனெஸ்ட்’ என்றால் அவள் நேர்மையானவள் என்று அவர் அடித்துச் சொல்கிறார். ‘ஹீ இன்சிஸ்ட்ஸ் தட் ஷீ பீ ஒனெஸ்ட்’ என்றால் அவள் நேர்மையாக இருந்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார். ‘இஸ்’ போய் ‘பீ’ வந்ததும் ஒரே வினை சுவேசிவ் ஆகிவிட்டது. அமெரிக்கர் இந்த ‘பீ’யை விரும்புவார்கள், இங்கே பிரித்தானிய வழியில் படித்த நாங்கள் ‘ஷுட் பீ’ என்று எழுதுவோம். இரண்டும் சரி.

தமிழில் இந்தப் பாரத்தை ‘வேண்டும்’ தூக்குகிறது. “அவள் நேர்மையானவள் என்று சொன்னார்”, “அவள் நேர்மையாக இருக்க வேண்டும் என்று சொன்னார்”. ‘சொல்’ என்ற சாதாரண வினைகூட, உள்வாக்கியத்தில் ‘வேண்டும்’ வந்ததும் சுவேசிவ் ஆகிவிடுகிறது. உங்கள் ஒப்படைக்கு இது நல்ல ஒப்பீடு: ஆங்கிலத்தில் வினையின் வகை உள்வாக்கியத்தைத் தீர்மானிக்கிறது, தமிழில் உள்வாக்கியம் வினைக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது. முழுக்க அப்படித்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ‘வற்புறுத்து’, ‘கெஞ்சு’ போன்றவை தாமாகவே நிறம் உள்ளவை. ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல நூல்முனை.

உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஜெனீவாத் தீர்மானங்களை எடுங்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி நிறைவேற்றிய 30/1, 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 போன்றவற்றின் செயற்பாட்டுப் பந்திகள் ஒவ்வொன்றும் ஒரு வினையோடு தொடங்கும். ‘என்கரேஜஸ்’, ‘கோல்ஸ் அப்பொன்’, ‘அர்ஜஸ்’, ‘ரிக்வெஸ்ட்ஸ்’. பெரும்பாலும் சுவேசிவ் வினைகள். பேரவைத் தீர்மானம் ஒரு நாட்டைச் சட்டப்படி கட்டாது. அதனால் அந்த வினைகளுக்குள் இருக்கும் படிநிலைதான் எல்லாம். ‘என்கரேஜ்’ மெல்லத் தட்டுவது, ‘அர்ஜ்’ தோளைப் பிடித்து உலுப்புவது. இலங்கை 30/1க்கு இணை அனுசரணை கொடுத்தது, 2020 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்த வினைகளின் தன்மையை அறிய இதைவிட விளக்கம் தேவையில்லை.

நம் செய்திகளில் இந்தப் படிகள் அடிபட்டுப் போகின்றன. ‘அர்ஜ்’, ‘இன்சிஸ்ட்’, ‘எம்ஃபசைஸ்’ மூன்றுக்கும் ‘வலியுறுத்தல்’ என்றே போடும் பழக்கம் இருக்கிறது. “பேரவை வலியுறுத்தியது” என்று வாசிப்பவர் என்ன நினைப்பார்? கட்டளை போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சந்தோசப்படுவார், வெறும் அழுத்திச் சொன்னது என்று இன்னொருவர் விட்டுவிடுவார். ‘ஊக்குவிக்கிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’, ‘கோருகிறது’, ‘வற்புறுத்திக் கேட்கிறது’ என்று நான்கு படி நம்மிடம் இருக்கிறதே, எடுத்துப் பயன்படுத்தினால் என்ன?

கடைசிக் கேள்வி: ‘சுவேசிவ்’ தமிழில் என்ன? ஒரே சொல்லைத் தேடாதீர்கள் என்பேன். ‘தூண்டல்’ என்று போட்டால் உயிரியல் மாணவர் வேறு எதையோ நினைப்பார். ‘ஏவல்’ நல்ல சொல், ஆனால் தமிழ் இலக்கணம் அதைக் கட்டளை வினைக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டது. ‘வற்புறுத்தும்’ என்பதில் வலுக்கட்டாயம் வந்துவிடுகிறது. இனிமையில் பிறந்த சொல்லுக்கு அது அநியாயம். ‘அறிவுறுத்தல்’ கந்தோர்ச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது, மேலிருந்து கீழே வருவது. இலக்கணத்தில் ‘சுவேசிவ் வேர்ப்ஸ்’ என்பதை நான் ‘வேண்டல் வினைகள்’ என்பேன். பின்னால் ‘வேண்டும்’ வருவதும் பொருந்தும். பேச்சை, எழுத்தை, தொனியைச் சொல்லும்போது ‘இணக்கும் நோக்குள்ள’ என்பது போதும்; ‘நோக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், வெற்றியா தோல்வியா என்பதை அதுதான் திறந்து வைக்கிறது. மத்திய வங்கியின் ‘மொரல் சுவேஷன்’ என்றால் ‘கட்டளையின்றி இணங்கச் சொல்லல்’ என்று விரித்து எழுதிவிடலாம். ‘தார்மீக’ என்று தொடங்கினால் வட்டி வீதத்துக்குப் பொருந்தாத ஒரு பக்திமணம் வருகிறது.

இதன் ஒன்றுவிட்ட உறவுகள் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன், கட்டுரைகளில் எதிர்ப்படும். ‘சுவேசொரி’ கிட்டத்தட்ட இதே பொருள், இன்னும் அரிது. ‘ஹோர்ட்டட்டொரி’ என்பது ஊக்கி உரைப்பது: படைத்தலைவன் போருக்கு முன் பேசுவது, குருவானவர் மேடையில் முழங்குவது. அதில் சூடு கூட, காரணம் காட்டுவது குறைவு. சுவேசிவ் பேச்சு உங்களுக்கு என்ன நன்மை என்று காட்டும். மற்றது எழும்பு, வா என்னும்.

ஒப்படையில் முதல் தடவை எழுதும்போது அடிக்குறிப்பிலோ அடைப்பிலோ ஒரு வரியில் பொருளைச் சொல்லிவிடுங்கள்: கேட்பவரை ஒரு செயலுக்கோ முடிவுக்கோ இணக்கும் நோக்குள்ள, விளைவு எதுவானாலும். பிறகு தைரியமாக எழுதலாம். ஒரே பந்தியில் ‘சுவேசிவ்’, ‘பேர்சுவேசிவ்’ இரண்டும் வருகிறது என்றால், ஒன்றை நோக்கத்துக்கும் மற்றதை விளைவுக்கும் வைத்திருக்கிறீர்களா என்று திருப்பி வாசித்துப் பாருங்கள். அப்படி வைக்கவில்லை என்றால் ‘சுவேசிவ்’ஐ வெட்டிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த சொல்லையே வைத்திருங்கள்.